காலி எடை

ஆத்தூர் ரோட்டில் சேகோ ஆலை வாசலில்
பதினெட்டு வருஷமாக எடைமேடை என் பொறுப்பு.
கிழங்கு லாரி ஏறும். சிவப்பு எண்கள் நடுங்கும்.
அவை நிற்கும்வரை பொத்தானைத் தொடமாட்டேன்.

"மெஷினு சரியா இருக்குதுங்களா?"
தினமும் யாராவது கேட்பார்கள்.
"சந்தேகம்னா வேற மேடையில போட்டுப் பாத்துட்டு வாங்க."
போய்ப் பார்த்தவர்கள் குறைவு.
வெட்டிய கிழங்கு ஒரு பொழுது தாமதித்தால் பாயிண்ட் இறங்கும்.
அது அவர்களுக்கும் தெரியும்
எனக்கும் தெரியும்.

இப்போது என் கையில் ஒரு சீட்டு.
மணிக்கு நாற்பத்தியொரு தடவை
என் மூச்சு நின்றதாம்.
ஐந்து ரோட்டு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில்
தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி
ஒரு ராத்திரி படுக்கவைத்து எடுத்த கணக்கு.
நீளமான நிறுத்தம் ஐம்பத்தெட்டு விநாடி.
அதற்குள் ஒரு லாரி
ஏறி, நின்று, இறங்கிவிடும்.

நான் அங்கேதான் இருந்தேன்.
என் குறட்டையை ஒருநாளும் கேட்டதில்லை.
மங்களேஸ்வரி கேட்டிருக்கிறாள்.
பக்கத்துச் சுவர் விசைத்தறிக்காரர் கேட்டிருக்கிறார்:
"ராத்திரி ஷிப்டு உங்க வீட்லயும் ஓடுதா?"
என் தூக்கத்துக்கு ஊரே சாட்சி,
என்னைத் தவிர.

டாக்டர் காகிதத்தின் பின்பக்கம் தொண்டையை வரைந்தார்.
உள்நாக்கு. டான்சில். வளைந்த மூக்குத் தண்டு.
"இது, இது, இது. சரி பண்ணிடலாம்."
பேனா மூன்று இடத்தில் குத்தியது.
ஒரு லட்சத்து முப்பதாயிரம், அறை வாடகை தனி.

என் பதிலை எனக்கே சொல்லிக்கொண்டு
வேறு மேடையில் ஏறினேன்.
செவ்வாய்ப்பேட்டையில் இன்னொரு டாக்டர்
கழுத்தை டேப் வைத்து அளந்தார்.
"முதல்ல மாஸ்க் போட்டுத் தூங்கிப் பாருங்க.
கத்தி எங்கயும் ஓடிப் போயிடாது."
வெளியே பெஞ்சில்
மாஸ்க் விற்கும் பையன் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு மேடை, இரண்டு எண்.
இருபது கிலோ வித்தியாசத்தை விட்டுவிடலாம்,
டயரில் ஒட்டிய சேறு, டேங்கில் தீர்ந்த டீசல்.
இது என் தொண்டை.

"யாரை நம்பறதுன்னு பாக்கறீங்களா,
நாளக் கடத்தறீங்களா?"
மங்களேஸ்வரி மாவு கரைத்தபடி கேட்டாள்,
என்னைப் பார்க்காமல்.

அவளிடமும் சொல்லாதது ஒன்று உண்டு.
மாசி மாதம், மதியம் மூன்று மணி.
பேளூர் பச்சமுத்துவின் காலி லாரி மேடையில் நின்றது.
எண்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.
கண் திறந்தபோது சீட்டு அச்சாகி வந்திருந்தது,
முந்தின வண்டியின் காலி எடையோடு.
கிழங்கில் முந்நூற்று நாற்பது கிலோ குறைவு.
அவர் சீட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
"மெஷினு சரியா இருக்குதுங்களா?"
வழக்கமான பதிலைச் சொன்னேன்.
சாயங்காலம் கணக்கு முடிக்கும்போதுதான் தெரிந்தது.
மெஷின் சரியாகத்தான் இருந்தது.

மறுபடி முதல் டாக்டரிடம் போனேன்.
"உங்க சொந்த அண்ணனா இருந்தா?"
பேனாவுக்கு மூடி போட்டார். கொஞ்ச நேரம் ஃபேன் சுற்றியது.
"மூணு மாசம் மாஸ்க்குன்னுதான் சொல்லுவேன்.
எங்கண்ணன் ரெண்டாம் நாளே கழட்டி வீசிருவாரு.
அப்புறம் ஆபரேஷன்.
அதுலயும் பாதிப் பேருக்குத்தான் நல்லாக் கேக்கும்.
உங்களுக்குக் கேக்குமான்னு எனக்குத் தெரியாது."

முதல் தடவை வந்தபோது அவர் சொன்ன எதுவும்
நடுங்கவில்லை.
ஏறியவுடனே அசையாமல் நிற்கும் எண்ணை
எந்த மேடைக்காரனும் நம்பமாட்டான்.
இன்றைக்கு அவர் குரலில் முள் ஆடியது.
மனசு கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது.

மாஸ்க் வாடகைக்கு எடுத்தாயிற்று.
யானைக்குட்டி மாதிரி இருக்கிறேன் என்று
மகள் போட்டோ எடுத்துவிட்டாள்.
சம்மதப் படிவம் சட்டைப் பையில் இருக்கிறது,
கையெழுத்து இல்லாமல், நாலாக மடித்து.
அதே பையில் மாசி மாதச் சீட்டின் நகல்,
முந்நூற்று நாற்பது கிலோவுக்கான பணம்.

மூன்று மாதம் கழித்து
எந்த எண் நிற்கும் என்று தெரியாது.
பேளூருக்கு முதல் பஸ் ஆறேகாலுக்கு.
தூங்கிவிடாமல் இருக்க
நின்றுகொண்டே போகவேண்டும்.