காய்ச்சல்

வடை மடித்த தாளில் போட்டிருக்கிறது:
தேநீர் இதயத்துக்கு நல்லதாம்.
எண்ணெய் குடித்த இடத்தில்
மீதி நன்மைகள் தெரியவில்லை.

கோட்டூர் கொள்முதல் நிலையம்,
நாலாவது ராத்திரி.
நெல்லுக்குக் காய்ச்சல் பத்தாது என்றார் பட்டியல் எழுத்தர்.
ஈரம் பத்தொன்பது,
பதினேழுக்கு இறங்கணும்.
எனக்கு நேற்றிலிருந்து நூற்றொன்று.
அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் நெல்.

பதினொன்றரைக்கு சிக்கந்தரின் சைக்கிள் மணி.
கேனைத் திறந்ததும் இஞ்சி
சாக்கு வாசனையைத் தள்ளிக்கொண்டு வருகிறது.
அடுத்த குவியல் செங்கமலத்துக்குச் சர்க்கரை.
"சீனி வேணாம்" என்பாள்,
டம்ளர் கைக்கு வருமுன்
"அரை ஸ்பூன்" என்பாள்.
அவன் வெறும் கரண்டியை விட்டு
டங் டங் என்று கலக்கித் தருவான்.
இன்றைக்கும் சொன்னாள், தித்திப்பு ஜாஸ்தி என்று.

நெல் கிளறி வெடித்த உள்ளங்கையில்
டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தேன்.
தூக்கம் ஒரு படி இறங்கி நின்றது.
அதனால்தான் கேட்டது
தார்ப்பாயின் மேல் ஒரு சொட்டு.
பிறகு ஒன்று.
ஆறு பேரும் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினோம்,
செங்கல், கயிறு, யாருடைய குவியல் என்று பார்க்காமல்.
திரும்பி வந்தபோது
டம்ளர்களில் மழை கலந்திருந்தது.
அப்படியே குடித்தோம்.

விடிந்தது. வெயில் வந்தது, போனது, வந்தது.
மூன்று மணிக்குக் கருவியில் பதினேழு புள்ளி நாலு.
எழுத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
அவர் மேசையில் சிக்கந்தரின் டீ, ஆவியோடு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
முதலில் குடித்து முடிக்கட்டும்.