மடிக்கணக்கு

காலாப்பட்டில் கடல் கேட்காத ஒரே அறை இது.
பதினெட்டு டிகிரி. விசிறிகளின் இரைச்சல்.
ஏழாம் நோடில் நாற்பது கோர்.
சம்மனசு சாரின் புயல் கணக்கு
நாலில் ஓடுகிறது.
மீதி முப்பத்தாறும்
கரன்ட் குடித்தபடி சும்மா.

வரிசையில் பதினோரு வேலைகள்.
நிலுவை, நிலுவை, நிலுவை.
மெஹருன்னிசாவின் இறால் மரபணு
செவ்வாயிலிருந்து நிற்கிறது.
இப்போதெல்லாம் அவள்
சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை.

ஒரு வரிதான்.
முழு நோடு என்றிருந்ததை அழித்து
கோர் கோராகக் கொடு என்று எழுதினேன்.
ஷெட்யூலரை மறுபடி எழுப்பியதும்
திபுதிபுவென்று ஏறின எல்லாம்.

இரண்டேகாலுக்குப்
புயல் செத்தது.
கடலூரைத் தொட
இன்னும் ஆறு மணி நேரம் இருந்த புயல்.

கோட்டக்குப்பத்தில் ஒருநாள் டெம்போவில்
ஒரு சீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு
மூன்று கூடை நெத்திலி ஏற்றினார் ஒருவர்.
அன்று என் மடியிலும் ஒரு கூடை.
இருக்கையை எண்ணியிருக்கிறேன்,
மடியை எண்ணவில்லை.

நினைவகமும் கணக்கில் வரும் என்று
இன்னொரு வரி.
எவ்வளவு வேண்டும் எனச் சொல்லாதவருக்கு
கோருக்கு நாலு ஜிபி. அவ்வளவுதான்.

சம்மனசு சாருக்கு மன்னிப்புக் கடிதம்.
முழு நோடு வேண்டுமென்றால்
கேளுங்கள், தருகிறேன்
என்று முடிக்கையில் பார்த்தேன்:
நடுக்கடலில் விட்ட இடத்திலிருந்து புயலும்
பக்கத்திலேயே இறாலும்
ஒரே பெட்டியில்,
இடித்துக்கொள்ளாமல்.

மெஹருன்னிசாவுக்கு எதுவும் எழுதவில்லை.
காலையில் அவளே பார்ப்பாள்.