கண்ணாடியின் வயது

அணையின் வயிற்றுக்குள் இறங்க
இருநூற்றுப் பதினொரு படிகள்.
கதவுக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி மேல்நாட்டு அரசிடம்,
அதாவது என் இடுப்புக் கயிற்றில்.
மற்றது கீழ்நாட்டு அரசிடம்,
அதாவது உலுக்முராதின் சட்டைப்பையில்,
சூரியகாந்தி விதைகளோடு.

மாதத்தின் முதல் செவ்வாய்
சோதனைச்சாவடியில் பெல்ட்டைக் கழற்றிக் காட்டிவிட்டு
அவன் வருவான். சேர்ந்து இறங்குவோம்.
கசிவை வாளியில் பிடித்து
கடிகாரம் பார்த்து
அவன் அவன் நோட்டில், நான் என் நோட்டில்.
எண் ஒன்றுதான்.

சுண்ணாம்பு கசிந்து கசிந்து
சுவருக்கு வெள்ளைத் தாடி.
என்னைவிட இரண்டு வயது மூத்தது இந்த அணை.
எங்கள் இருவருக்கும்
மூட்டில்தான் கோளாறு.

பன்னிரண்டாம் பாளத்தில் ஒரு விரிசல்.
அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடி,
இரு முனையிலும் ஜிப்சம் பூசி
ஓரத்தில் தேதி கீறியது: 17.10.87.
ருஷ்ய மொழியில் இதைக்
கலங்கரை விளக்கம் என்பார்கள்.
கப்பலே வராத அந்த இருட்டில்
அதற்கு ஒரே வேலை:
சுவர் மயிரிழை நகர்ந்தால்
உடைவது.

பிப்ரவரியில் உடைந்தது.

ஓட்டல் மாடியில் பேச்சுவார்த்தை.
பச்சைத் தேநீர், சின்னச் சின்னக் கொடிகள்.
எங்கள் துணை அமைச்சர் சொன்னார்:
முப்பத்தேழு வருடம் உடையாத கண்ணாடி.
அணை பாறை. இது வெறும் குளிர்.
அவர்கள் பொறியாளர் சொன்னார்:
முப்பத்தேழு வருடம் உடையாத கண்ணாடி!
இப்போது உடைந்தால் என்ன அர்த்தம்?

உள்ளே கோடையிலும் பனியிலும் ஒன்பது டிகிரிதான்.
அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.
இன்னொன்றையும் கேட்கவில்லை.

பதினாலு வருடம் முன்பு
தனியாக இறங்கினேன். அன்று அவன் சாவியும்
என்னிடம் இருந்தது. அவனுக்குக் காய்ச்சல்.
திரும்பும்போது டார்ச் இடித்து
அசல் கண்ணாடி என் காலடியில்.
அந்த வாரம்தான் ஆலங்கட்டி மழை
என் சமையலறை ஜன்னலை உடைத்திருந்தது.
மிச்சத்தில் ஒரு துண்டு வெட்டினேன்.
ஜிப்சம் குழைத்தேன். பழைய தேதியையே கீறினேன்.
பிறகு வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.

இடைவேளை. நடைக்கூடம்.
உலுக்முராத் விதை உரித்தபடி
கண்ணைத் தூக்காமல் சொன்னான்:
"சாய்ரகுல், நீ ஏழுக்கு இடுப்பில் கோடு போடுவாய்.
பழைய பொறியாளர் போடமாட்டார்."

எப்போதிருந்து தெரியும்?

"அடுத்த மாதச் செவ்வாயிலிருந்து."

ஏன் சொல்லவில்லை?

தோலைத் துப்பினான்.
"சொன்னால் நீர்மட்டத்தை இறக்குவார்கள்.
ஜூலையில் என் முலாம்பழம் எதைக் குடிக்கும்?
சொல்லாவிட்டால், என் மகள்களின் பள்ளி
ஆற்றிலிருந்து நானூறு எட்டு.
எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்று
தெரியவில்லை. அவ்வளவுதான்."

உள்ளே கூப்பிட்டார்கள்.
அளவீட்டாளர்கள் கையெழுத்திட வேண்டும்.
கண்ணாடியின் வயது என்ற கட்டத்தில்
முப்பத்தேழு என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது,
இரண்டு பிரதியிலும், ஒரே எழுத்துருவில்.
அவர்கள் ஒத்துப்போன ஒரே வரி.

பதினாலு என்றேன்.

மொழிபெயர்ப்பாளருக்குக் காது சரியில்லையோ
என்று அவரே சந்தேகப்பட்டார். எத்தனை?
பதினாலு. அது என் வீட்டு ஜன்னல்.
ஜன்னலுக்கு எங்கள் இரு மொழியிலும்
ஏறக்குறைய ஒரே சொல்.
அவர் வாய் திறக்கும் முன்பே
மேசையின் இரு பக்கமும்
பேனாக்கள் நின்றுவிட்டன.

உலுக்முராத் சட்டைப்பைக்குள் கைவிட்டான்.
விதைகளிலிருந்து சாவியைப் பிரித்தெடுத்து,
ஊதி,
மேசைமேல் வைத்தான்.

என் கயிற்றில்
முடிச்சு அவிழ
நேரமாயிற்று.