வாசல் எண் 48211

பிரிஞ்சிமூலையில், வீட்டுக் கொல்லையைத் தாண்டியதும்
எங்கள் இறால் குட்டை.
நான்கு ஏரேட்டர், ஒரு கேமரா, ஒரு கணவர்.
நாகை ஆஸ்பத்திரியில் எனக்கு மாதம் பத்து இரவு.

இறால் சாவது இரண்டு மணிக்கு மேல்,
தண்ணீரில் காற்று தீரும் நேரம்.
வார்டிலும் அதே நேரம்தான் என்பதை
யாரிடமும் சொல்வதில்லை.

போனில் கேட்டால் "ஓடுது" என்பார்.
எப்போது கேட்டாலும் "ஓடுது."
அந்த ஒரு சொல்லை நம்பி
மூன்று லட்சம் குஞ்சு விட்டிருந்தோம்.

நானே பார்க்க வேண்டும் என்று
ஒரு லீவு நாள் மதியம் உட்கார்ந்தேன்.
ஒன்று ஒன்பது இரண்டு, புள்ளி, ஒன்று ஆறு எட்டு.
பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
கேமராவுக்கு முப்பத்தேழு என்று நிலையாக ஓர் எண்.
வெளிவாசல் 48211, உள்வாசல் 554.
சேமி என்றேன். சேமித்தேன் என்றது.
தெருவுக்குப் போய் மொபைல் டேட்டாவில் தட்டினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது.

மேட்டூரில் திறந்தாச்சு என்று
டிவியில் பூத் தூவிக் காட்டிய பிறகும்
அடப்பாற்றின் காய்ந்த ஆகாயத்தாமரையைப்
பதினேழு நாள் பார்த்து நின்றவள் நான்.
திறந்தது வேறு. வந்தது வேறு.

கேபிள் ஆபீஸ் ஆரோக்கிய ரூபன் ஏணியோடு வந்தான்.
ஏணி தேவைப்படவில்லை.
"ரெண்டு பெட்டி இருக்குக்கா. எங்க மோடம் ஒண்ணு,
நீங்க வாங்குன ரௌட்டர் ஒண்ணு.
உள்கதவத்தான் தொறந்திருக்கீங்க."
மோடத்தை பிரிட்ஜில் போட்டான். அப்போதும் இல்லை.
"வெளி எண் நூறுல ஆரம்பிக்குதா?
அப்ப அது உங்க எண் இல்ல.
இந்தப் பக்கம் அத்தன வீடும் ஒரே எண்ணுலதான் வெளிய போவுது."
போகலாம். தேடி யாரும் வர முடியாது.
தனி எண்ணுக்கு மாதம் இருநூறு ரூபாய்.
கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் வந்தது.
சக்கரம் தண்ணீரை அறைவதைத் தெருவில் நின்று பார்த்தேன்.
மீன்காரம்மாவிடமும் காட்டினேன்.
"இத எதுக்கு போன்ல பாக்குற,
அந்தா ஓடுதே" என்றாள்.

இருபது நிமிடத்தில் வேறு ஆட்கள்.
பதிவேட்டில் வரிவரியாகத்
தெரியாத தேசத்து எண்கள்.
அட்மின், அட்மின். அட்மின், 1234.
பேர் சொல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் ஆற்றின் கடைசி ரெகுலேட்டரைப் பார்த்து
இது ஆற்றை விடத்தானே என்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
பாதி சரி.
கடல் ஏறி வராமலிருக்கவும்தான்.
நானும் பலகையை இறக்கினேன்.
இருபத்திரண்டு எழுத்தில் புதுக் கடவுச்சொல்.
அவருக்கும் சொல்லவில்லை.

கார்த்திகை மழை. ஊரெல்லாம் கரண்ட் இல்லை.
இரவு இரண்டு நாற்பது.
ஆறாம் படுக்கைக்கு டிரிப் மாற்றிவிட்டு
போனைத் திறந்தேன்.

கேமராவுக்கும் பெட்டிகளுக்கும் இன்வர்ட்டர் உண்டு.
ஏரேட்டருக்கு ஜெனரேட்டர்.
ஜெனரேட்டருக்கு டீசல்.

நான்கு சக்கரமும் நின்றிருந்தன.
நிறமில்லாத படத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், அவர்
வாளியால் மொண்டு, தலைக்கு மேல் தூக்கி,
அதே குட்டையில் ஊற்றுகிறார்.
மொண்டு, தூக்கி, ஊற்றுகிறார்.
இது எத்தனையாவது இரவு என்று
படத்தின் மூலையில் எழுதியிருக்கவில்லை.
தேதியும் மணியும் மட்டும்.

அழைத்தேன்.
"ஓடுதா?"
"ஓடுது. நீ வேலையப் பாரு."
மூச்சு வாங்கியது.
"சரி" என்றேன்.

படம் நான்கு நொடி பின்தங்கி வரும்.
போனை நான் வைத்த பிறகுதான்
கரையில் ஈரத்தோடு நின்ற அவர்
ஓடுது என்று தலையாட்டினார்.
பிறகு போனைக் கல்லின் மேல் வைத்துவிட்டு
வாளியைத் தேடினார்.