திற

நீடாமங்கலத்தில் உரக்கடைக்கு மேல் மாடி அறை.
மதகு என்றொரு வகுப்பு எழுதினேன்.
பாசனம், வடிகால்
இரண்டு இடைமுகங்களுக்கும் அது வாக்குக் கொடுத்தது.
இரண்டும் கேட்டது ஒரே சொல்:
திற.

ஒரே சொல்தானே என்று
ஒரே ஒரு திறவை எழுதி
யாரும் கூப்பிடும்படி வாசலில் வைத்தேன்.
ஆடியில் ஒரு குறையுமில்லை.

ஐப்பசியில் விடிய விடிய மழை.
வயல் தண்ணீர் வடியட்டுமென்று
யாரோ திற என்றார்கள்.
என் மதகு
ஆற்றுப் பக்கப் பலகையைத் தூக்கியது.
தூர் கட்டிய சம்பாவுக்குள் வெண்ணாறு,
மூன்று நாள்.

லஸ்கர் தருமையன் போனில் சொன்னார்:
"எங்கிட்ட வந்து திறன்னா
எதுக்குன்னு கேப்பேன் சார்.
ஒங்க பெட்டி கேக்கலியே."

அன்றிரவு பிரித்து எழுதினேன்.
பாசனத்தின் திற.
வடிகாலின் திற.
வாசலில் இப்போது எதுவுமில்லை.
மதகே என்று மொட்டையாகக் கூப்பிட்டால்
அப்படியொரு செயலே கிடையாது என்று
கம்பைலர் சிவப்புக் கோடு இழுக்கிறது.
எந்த முறையில் வந்தாய் சொல்,
அப்புறம்தான் அசையும்.

விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார்.
ஷட்டர் சாவியை மட்டும்
சைக்கிள் பாரிலிருந்து
அவிழ்க்கவில்லை.