குளிரைத் திருப்பிக் கொடுத்தேன்

நவம்பர் பதினைந்தில்தான் தாத்துங் நகருக்குச் சூடு விடலாம்
என்பது ஆணை.
பனி அதைப் படிப்பதில்லை.
மூன்றாம் தேதியே வந்து
என் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

எட்டாம் எண் கொதிகலனில் எனக்கு இரவு வேலை.
பின்சுவரில் ஒரு நீராவிக் குழாய் கசியும்;
புகார்ப் புத்தகத்தில் ஏறாத சின்னக் கசிவு.
அதையொட்டி நின்ற ஆப்ரிகாட் மரம்
ஜனவரியில் பூத்துவிட்டது.

பாங் ஷியூயெ போனில் படமெடுத்தாள்.
தெருவே வந்து எடுத்தது.
தாவோ கோயிலிலிருந்து வெந்நீருக்கு வரும் துறவி மட்டும்
வாளியைக் கீழே வைத்து
மரத்திடம் கேட்டாள்:
"யாரிடம் கடன் வாங்கினாய்?"
பதிலுக்கு நிற்கவில்லை. வெந்நீர் ஆறிவிடும்.

அன்றிரவு ஸ்பானரும் புது வாஷருமாய்ப் போனேன்.
மைனஸ் இருபத்திரண்டு.
விரலில் இரும்பு ஒட்டிக்கொண்டது.
கடைசித் திருகில் சீறல் நின்றது.
மரத்தைச் சுற்றிக் குளிர்
மெல்லத் தன் இடத்துக்கு வந்து அமர்ந்தது.

காலையில் பூக்கள் தரையில், பழுப்பாக.
ஷியூயெ இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது மார்ச்.
வால்வை மூட இன்னும் ஆறு நாள் என்கிறது தாள்.
இந்த வருஷம் காய் இராது.
கிளையை நகத்தால் கீறிப் பார்த்தேன்.
உள்ளே பச்சை.

கீறலைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.