கழிவு, ஆறாயிரம்

எங்கள் சபை பாண்டில்
ஆறு டிரம்பெட், இரண்டு கிளாரினெட்,
அதில் ஒன்று நான்.
எல்லாரும் மேலே. கீழே ஆள் இல்லை.
மொட்டைமாடியில் டேங்கை ஏற்றிவிட்டு
சம்ப் கட்ட மறந்த வீடு.
பிளம்பர் சொல்கிறேன், கேளுங்கள்:
அழுத்தம் வேறு, ஆழம் வேறு.

புதிய பாரிடோன் சாக்ஸபோன் மூன்று லட்சம்.
திருவனந்தபுரத்துக் கடைக்காரர்
விலையைச் சொல்லிவிட்டு
என் செருப்பைப் பார்த்தார்.
எனக்கு விழுந்த சீட்டு ஐம்பதாயிரம்.

பாறசாலையில் ஒரு வீட்டில்
பழசு ஒன்று கிடக்கிறது என்று
பிவிசி கடை டென்னிசன் சொன்னான்.
கேட்டைத் திறந்தது
மீசை அரும்பிய ஒரு பையன்.
அவன் அம்மா பிந்துகலா
கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார்,
இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.
"சேட்டன் ஷார்ஜாவில். பாண்டு பிரிஞ்சு போயி.
ஐம்பத்தாறு. குறையாது."

உச்சியில் ஒரு சுற்று:
வாஷ்பேசினுக்கு அடியில் இருக்குமே, அதே வளைவு.
எச்சில் வெள்ளம் அங்கே தேங்கும்,
திறந்துவிட ஒரு சின்ன வால்வு.
வந்த பஸ் டிக்கெட்டை
ஒவ்வொரு மூடிக்கும் அடியில் வைத்து இழுத்தேன்.
பிடித்தால் நல்லது, வழுக்கினால் லீக்.
மூன்று வழுக்கின. தோல் மாற்றினால் போதும்.

பிறகு ஊதினேன்.
இறங்கினேன், இன்னும் இறங்கினேன்,
கடைசிப் படிக்குக் கால் நீட்டினால்
படி இல்லை.
அடைத்த சிங்க்கின் காறல் மட்டும்.

"அது வராது சேட்டா.
பத்துப் பன்னிரண்டு கொல்லமாயி.
அவரும் அதைத் தொடமாட்டார்."
"ஒரு சுரம் குறைந்த சாமானுக்கு முழு விலையா?"
அவர் பையனைப் பார்த்தார்.
பையன் போனைப் பார்த்தான்.
கழிவு, ஆறாயிரம்.

பஸ்ஸில் கண்டக்டர்
அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்,
ஆளுக்கு ஆனதைவிட இரண்டு ரூபாய் கூட.
களியக்காவிளையில் போலீஸ்காரர் இறக்கினார்.
அங்கிருந்து கோழிக்கழிவு வந்து
இங்கே குளத்தில் விழும் காலம்;
சாக்ஸபோன் வாய்க்குள் மூக்கை விட்டு மோந்தார்.
"என்னடே, பழந்துணி நாத்தம்?
வாசிக்கதா? வாசி பாப்போம்."
வாசித்தேன்.
ஒரு மீன்வண்டி ஹாரனில் பதில் சொன்னது.
போகச் சொல்லிவிட்டார்.

ராத்திரி, எல்லாரும் உறங்கின பிறகு
அந்தப் பழந்துணி மட்டும் எனக்கு உறங்கவில்லை.
அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங் கம்பியை
சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி
வாய் வழியே விட்டேன்.
அடி வளைவில் எதுவோ கடித்தது.
முறுக்கினேன். பைய, பைய.

கம்பளிக் குல்லா. மஞ்சள்.
என் முஷ்டிக்கே பற்றாது.
உள்ளே சுருட்டித் திணித்த பவுடர் டப்பா மூடி,
ஒரு பால்புட்டி ரப்பர்.
தவழுகிற ஒருத்தன்
அவனுக்குத் தெரிந்த பெரிய பொந்தில்
அவனுடைய சொத்தையெல்லாம் போட்டுவைத்திருக்கிறான்.
பத்துப் பன்னிரண்டு வருஷம்
அந்த வீட்டில் ஒருவரும் கைவிட்டுப் பார்க்கவில்லை.

ஊதினேன்.
படி இருந்தது.
படிக்குக் கீழே தரையும் இருந்தது.
அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள்
ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டன.
உள்ளேயிருந்து ஜெபசீலி:
"மோட்டார நிறுத்தலியா?"

ஐம்பதாயிரத்துக்கு ஒரு சாக்ஸபோன்,
ஆறாயிரத்துக்கு ஒரு சுரம்.
முன்னதற்குக் காசு கொடுத்தாயிற்று.
குல்லாயை அலசிக் கொடியில் போட்டேன்.
யாருக்குடையது என்று அவள் கேட்டாள்,
வேலைக்குப் போன இடத்தில் கிடைத்தது என்றேன்.
அது பொய்யில்லை.

பாறசாலை நம்பர் போனில் கிடக்கிறது.
கூப்பிட்டால்
குல்லாயை முதலில் சொல்வதா, காசையா?
குல்லாயைச் சொன்னால் காசு தன்னால் வரும்.

வாங்கி மூன்று வாரம்.
அந்தச் சுரத்தை இதுவரை நான்கு முறை வாசித்திருக்கிறேன்,
மோட்டார் ஓடும்போது மட்டும்.